தபாலில் வரும் செடியும் அதனுடன் வருபவையும்

வீட்டினுள் தொட்டிகளில் வைத்து அழகு பார்க்கும் செடிகளில் பெரும்பாலானவை உஷ்ண மண்டலக் காடுகளின் நிழலில், பெருமரங்களின் அடியிலோ அவற்றின் கிளைகளைப் பற்றியோ வாழும் இனங்களைச் சேர்ந்தவை. குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கும் ஆற்றல் உடையனவாகையால் நமது அறைகளின் மங்கிய ஒளியிலும் அவை தழைக்கின்றன. இதே இயல்பு அவற்றிற்கு வேறொரு தகுதியையும் அளித்துள்ளது. இருண்ட பெட்டிக்குள் நான்கைந்து நாட்கள் அடைபட்டுக் கிடந்தாலும் அவை எளிதில் மாய்ந்துவிடுவதில்லை. ஒரு ரோஜாச் செடி தாங்காத பிரயாணத்தை ஒரு பிலோடெண்ட்ரான் தாங்கும்.

இதனாலேயே அலங்காரச் செடிகளைத் தபால் வழியாக வாங்குவதும், வளர்ப்போர் தமக்குள் பரிமாறிக்கொள்வதும் நம் நாட்டில் நெடுநாட்களாக நடந்துவருகின்றன. பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் வி.பி.பி. முறை 1877-இல் தொடங்கியது. அதன் பின்னர், வாங்குபவர் நாற்றங்காலை நேரில் காணாமலேயே செடியைப் பெறுவதற்கு வழி பிறந்தது. இமயச் சாரலிலுள்ள காலிம்பொங், கோதாவரிக் கரையை அடுத்த கடியம், கேரளத்தில் திருச்சூரை அடுத்த மண்ணுத்தி ஆகிய ஊர்களின் நாற்றங்கால்கள் தொலைவிலுள்ளோரும் அறிந்தவை. இன்று கைப்பேசியில் படத்தைக் கண்டு தெரிவு செய்கின்றனர். அட்டைப்பெட்டி மட்டும் அன்றுபோலவே ஆணியும் துளையுமாக வந்து சேர்கிறது.

இதில் களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் என்ன வேலை என்ற வினா எழலாம். அனுப்புபவரும் பெறுபவரும் செடி ஒன்றையே எண்ணுகின்றனர். ஆனால் பெட்டிக்குள் செடி தனியே வருவதில்லை. அதனுடன் வரும் பூச்சியும் நூற்புழுவும் நச்சுயிரியும் வரவேற்பறையோடு நின்றுவிடுவன அல்ல. வாழைத் தோட்டமும் மரவள்ளிக் காடும் சேனைப் பாத்தியும் அவற்றிற்கு அடுத்த வீடுகளே.

கண்ணாடிப் பெட்டி

நெடுந்தொலைவுக்குச் செடிகளை உயிரோடு அனுப்புவது ஒரு காலத்தில் பெரும் சங்கடமாக இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் உப்புக் காற்று அவற்றைக் கொன்றது. கீழ்த்தளத்தில் இருள் கொன்றது. 1829-இல் லண்டன் மாநகர மருத்துவர் நத்தானியல் வார்டு என்பவர், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் புட்டியில் இட்டு மூடிவைத்தார். பூச்சியைக் காணக் காத்திருந்தவர் கண்டது, மண்ணிலிருந்து தானே முளைத்த ஒரு பெரணியையும் ஒரு புல்லையும். பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. 1833-இல் இவ்வாறு மூடப்பட்ட பெட்டிகள் செடிகளுடன் சிட்னி நகருக்குப் புறப்பட்டன. பல மாதக் கடற்பிரயாணத்திற்குப் பின்னும் செடிகள் உயிரோடு இருந்தன.

நம் நாட்டின் வேளாண் வரலாற்றிலும் இப்பெட்டிக்கு இடமுண்டு. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமய மலைச்சாரலுக்கும், தென் அமெரிக்கச் சின்கோனாக் கன்றுகள் 1860-களின் தொடக்கத்தில் நீலகிரிக்கும் வந்தது இத்தகைய பெட்டிகளில்தான். வார்டின் பெட்டியில் மண்ணும் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அவர் கண்ட பெரணியே, அழைக்கப்படாமல் மண்ணுடன் வந்த விருந்தாளி அல்லவா?

பெட்டிக்குள் நிகழ்வது என்ன?

இருளில் செடி உணவு தயாரிப்பதில்லை. ஆனால் சுவாசிப்பதை நிறுத்துவதுமில்லை. சேமித்துவைத்த மாச்சத்தும் சர்க்கரையும் செலவாகிக்கொண்டேயிருக்கும். உஷ்ணநிலை 10 பாகை சென்டிகிரேடு உயர்ந்தால் இச்செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். ஆகவே 20 பாகையில் ஆறு நாட்கள் தாங்கும் கன்று, சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மூன்று நாட்களைத் தாங்குவதே அரிது. மறுபுறம், மார்கழியில் வடநாட்டின் வழியே வரும் பெட்டியில் குளிரினால் கேடு நேரும். அக்ளோனிமா, டிபன்பாக்கியா போன்றவை 10 பாகைக்குக் கீழே சில மணி நேரம் இருந்தாலும், இலைகளில் நீர் கோத்த கறைகள் தோன்றிப் பின்னர் அழுகும். நோய் என்று எண்ணி மருந்து தெளிப்பதில் பயனில்லை. குளிர்ந்த மலையூர்ச் செடியை ஐப்பசி, மாசி மாதங்களில் தருவித்துக்கொள்வதே நலம்.

இன்னொரு பகை எத்திலீன் என்னும் வாயு. காயம்பட்ட இலைகளும் பழுக்கும் கனிகளும் இதனை வெளியிடுகின்றன. மூடிய இடத்தில் இது தேங்குமாயின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு பிரிவுப்படலம் உண்டாகி, பச்சை இலைகளே உதிர்ந்துவிடும். பழுத்த வாழைப்பழச் சீப்பையும் அத்திக் குடும்பத்து அலங்காரச் செடி ஒன்றையும் ஒரே பையில் வைத்து உறவினருக்கு அனுப்பிய அன்பர் ஒருவர், போய்ச் சேர்ந்தது குச்சி மட்டுமே என்று வருந்தியதை இக்கட்டுரையாளர் அறிவார். ஒடிந்த இலைகளை அனுப்புமுன் கிள்ளியெறிவதும், பெட்டியில் சில துளைகள் இடுவதும் இதன்பொருட்டே.

பெட்டி கட்டுவோர் செய்யும் பெரும் பிழை, வாடிவிடுமே என்ற அச்சத்தால் ஈரத்தை மிகுதியாக வைப்பது. வாடிய செடி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்; அழுகிய செடி பிழைக்காது. அனுப்புவதற்கு ஒரு நாள் முன்னரே நீர் ஊற்றி, இலைகள் காய்ந்திருக்கும் நிலையில் கட்டுதல் வேண்டும். வேரை மட்டும் ஈரமான ஸ்பாக்னம் பாசியிலோ, நன்கு பிழிந்த தென்னைநார்க் கழிவிலோ சுற்றி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கட்டலாம். கைப்பிடிக்குள் அழுத்தினால் ஒரு சொட்டு நீரும் வடியாத ஈரமே சரியான ஈரம். இலைகளுக்குச் செய்தித்தாள் போதும், பிளாஸ்டிக் வேண்டாம். எப்பக்கம் கவிழ்த்தாலும் உள்ளே எதுவும் அசையாமல் இருத்தல் வேண்டும். கட்டியவரே பெட்டியை ஒருமுறை தலைகீழாக்கிக் குலுக்கிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

முழுச் செடியை அனுப்பத்தான் வேண்டுமா?

பல இனங்களுக்கு வேண்டியதில்லை. மணிபிளான்ட் என்று வீடுதோறும் வழங்கும் கொடியைக் கவனியுங்கள். எபிப்ரெம்னம் ஆரியம் என்பது அதன் தாவரப் பெயர்; பசிபிக் மாக்கடலிலுள்ள சொசைட்டித் தீவுகளின் மோரியா தீவு அதன் தாயகம். அது பூப்பதை நம்மில் எவரும் கண்டதில்லை. பூப்பதற்கு அவசியமான ஜிபெரெல்லின் என்னும் வளர்ச்சிப்பொருளை ஆக்கும் மரபணு ஒன்று அக்கொடியில் செயலற்றுப்போயுள்ளதை 2016-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆகவே நமது வீடுகளிலுள்ள கொடிகள் விதையிலிருந்து வந்தவை அல்ல. கணுவுள்ள ஒரு துண்டு கைமாறிக் கைமாறியே அது உலகைச் சுற்றியுள்ளது.

அஸ்ஸாம் மலைகளைத் தாயகமாகக் கொண்டு 1850-களில் ஐரோப்பாவிற்குச் சென்ற ரெக்ஸ் பிகோனியாவுக்கு ஓர் இலையே போதும். நரம்புகளைக் குறுக்கே கீறி ஈரமணல்மேல் பரப்பினால் கீறிய இடந்தோறும் கன்று தோன்றும். ரணகள்ளி இலையோ எந்தக் கருவியையும் வேண்டாது. உறைக்குள் இட்டுத் தபாலில் அனுப்பினாலும் விளிம்பின் பள்ளங்களிலிருந்து சிறு கன்றுகள் புறப்படும். பள்ளி மாணவர்கள் வேற்றூர்ப் பள்ளி மாணவர்களுக்கு அனுப்பிப் பழகுவதற்கு இதைவிட எளிய பொருள் இல்லை. ஒரே அளவான நான்கு இலைகளை நிறுத்து எடையைக் குறித்து, இரண்டை உலர்ந்த உறையிலும் இரண்டை ஈரத்தாள் வைத்த உறையிலும் அனுப்பி, பெற்ற நாளில் எடையையும் கன்றுகளின் எண்ணிக்கையையும் எழுதியனுப்பச் சொல்லலாம். அழுகியது எது என்ற வரியையும் அவர்கள் எழுதட்டும்.

இலைத்துண்டு எப்பொழுதும் தாயைப்போலவே கன்றைத் தரும் என்பதில்லை. மருள் இனத்தைச் சேர்ந்த சான்செவீரியாவில் மஞ்சள் விளிம்புள்ள வகை ஒன்று உண்டு. அதன் இலையை வெட்டி நட்டால் முளைப்பவை யாவும் வெறும் பச்சையே. அவ்விலையில் பச்சையம் உள்ள திசுவும் இல்லாத திசுவும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. புதிய மொட்டு தோன்றுகையில் அந்த அடுக்கு குலைந்துவிடுகிறது. மட்டத்தண்டைப் பிரித்துத் தந்தால்தான் விளிம்பு நிலைக்கும். இதனை அறியாமல் பரிமாற்றம் செய்து, ஏமாற்றிவிட்டதாக ஒருவரையொருவர் குறைகூறிய நண்பர்கள் உண்டு.

உண்மையான ஏமாற்றும் இல்லாமலில்லை. 'பிங்க் காங்கோ' என்ற பெயரில் இளஞ்சிவப்பு இலைகளுடன் ஒரு பிலோடெண்ட்ரான் உயர்ந்த விலைக்கு விற்கப்பட்டது. அந்நிறம் செடியின் பரம்பரை இயல்பு அன்று. செயற்கை முறையில் வருவிக்கப்பட்டது. சில மாதங்களில் புதிய இலைகள் பச்சையாகவே வந்தன. புதிய இலையும் பழைய இலையும் ஒரே கோலத்தைக் காட்டும் செடிக்கே பணம் தருவது அறிவுடைமை.

அழையா விருந்தாளிகள்

2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களின்மேல் வெண்பஞ்சு போன்ற ஒரு பூச்சி காணப்பட்டது. மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சியே அது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும், பட்டுப்புழுவின் உணவாகிய மல்பெரியையும் அது சூறையாடியது. செம்பருத்தி, அரளி போன்ற அலங்காரச் செடிகளும் அதற்கு உணவே. ஒரு பெண் பூச்சி பஞ்சுப் பை ஒன்றில் 100 முதல் 600 வரை முட்டையிடும். ஓர் இலைக்கக்கத்தில் ஒளிந்துள்ள ஒரே ஒரு பூச்சி ஒரு தெருவுக்குப் போதும் என்று இதனால் அறிகிறோம். பூச்சிமருந்துகள் அதன் மெழுகுப் போர்வையைக் கடந்து செல்ல இயலாமல் தோற்றன. 2010-இல் பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆராய்ச்சி நிலையம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பிறரும் அதைப் பெருக்கி வயல்களில் விட்ட பின்னரே பூச்சி கட்டுக்குள் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பயிரை இழந்த உழவருக்கு அந்த வெற்றி காலங்கடந்ததே.

மாவுப்பூச்சியையாவது கண்ணால் காணலாம். வேரில் இருப்பதைக் காண்பது எப்படி? துளைக்கும் நூற்புழு எனப்படும் ராடோபோலஸ் சிமிலிஸ், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுடையது. அது வாழையின் வேரைத் துளைத்து, குலை தள்ளிய மரத்தை வேரோடு சாயச் செய்கிறது. மிளகுக் கொடியை மஞ்சளாக்கி மெல்ல மாய்க்கிறது. நம் நாட்டில் இது 1966-இல் கேரளத்தில் வாழையில் கண்டறியப்பட்டது. வரவேற்பறைச் செடிகளான ஆந்தூரியம், பிலோடெண்ட்ரான், கலத்தியா ஆகியவையும் இதே நூற்புழுவுக்கு இருப்பிடம் ஆகும். மேலே இலை பளபளக்கும். கீழே வேர் செந்நிறக் கறையோடு அழுகியிருக்கும். அச்செடி நலிந்ததும் தொட்டியைக் கொல்லையில் கவிழ்ப்போம். கொல்லையில் நிற்பது வாழை.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். டார்ஜீலிங் மலைப்பகுதியில் 1952-இல் உருளைக்கிழங்கில் கரணை கரணையாக வீக்கம் எழுப்பும் நோய் காணப்பட்டது. அந்நோயை உண்டாக்கும் உயிரியின் உறங்கு வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். நீலகிரியில் 1961-இல் உருளைக்கிழங்குக் கூட்டு நூற்புழு காணப்பட்டது. அதன் முட்டைகள் நிறைந்த கூடுகளும் மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும். இவ்விடங்களில் விளையும் அலங்காரச் செடி எவ்விதக் குற்றமும் அற்றதாக இருக்கலாம். அதன் வேரோடு வரும் ஒரு பிடி மண் அவ்வாறு என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே தபாலில் அனுப்பும் செடியின் வேரை நீரில் அலசி, மண் நீக்கி அனுப்புதல் வேண்டும். எடை குறைவதால் செலவும் குறையும். தாய்மண்ணோடு வந்தால்தான் பிழைக்கும் என்ற நம்பிக்கை மக்களிடம் வேரூன்றியுள்ளது. உஷ்ண மண்டல நிழற்செடிகளைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரமில்லை. அவற்றில் பல, மரக்கிளைகளில் மண்ணையே அறியாமல் வாழும் இனங்கள்.

எஞ்சியது நச்சுயிரி. 1868-இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்கு, துத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு செடி வந்தது. அதன் இலையில் மஞ்சள் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அதன் அழகில் மயங்கிய ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் போத்து வெட்டியும் ஒட்டுக் கட்டியும் எங்கும் பரப்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான், அது ஒட்டுக் கட்டினால் பிற செடிக்கும் தொற்றும் ஒரு நோய் என்பது தெளிவாயிற்று. அவர்கள் விலைகொடுத்து வாங்கியது நோயையே. இன்று கலேடியம், டிபன்பாக்கியா, பிலோடெண்ட்ரான் ஆகியவற்றில் காணப்படும் டாஷீன் தேமல் நச்சுயிரி, அதே குடும்பத்தைச் சேர்ந்த சேப்பங்கிழங்கையும் சேனைக்கிழங்கையும் தாக்குகிறது. அசுவினிப் பூச்சியும் வெட்டுக் கத்தியும் அதனைப் பரப்பும். இயல்பான வண்ணக் கோலத்தில் எல்லைக்கோடு தெளிவாக இருக்கும். இலை ஒழுங்கான வடிவில் விரியும். தேமலில் நரம்புகளின் ஓரமாகச் சிறகுபோல வெளிறல் பரவும்; இலை சுருங்கும் அல்லது கோணும்; சில இலைகளில் தோன்றிச் சிலவற்றில் மறையும். ஐயம் எழுந்தால் போத்து வெட்டித் தராமலிருப்பதே கடமை. திசு வளர்ப்புப் புட்டியில் வந்த கன்று பூச்சியற்றது என்பது மெய். தாய்ச்செடியைச் சோதியாமல் வளர்த்திருப்பின் அது நச்சுயிரியற்றது என்று கொள்வதற்கில்லை.

பெற்றவர் செய்ய வேண்டியது

இக்கட்டுரையாளர் பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரிடமிருந்து குரோட்டன் போத்து ஒன்றைப் பெற்று, அன்று மாலையே அதனைச் செம்பருத்தி வரிசையின் நடுவே வைத்தார். இரண்டாம் மாதத்தில் செம்பருத்தி முழுவதும் வெண்பஞ்சு. நண்பரைக் குறைகூற வாயெடுத்தபோது, பெட்டியைத் திறந்த நாளில் இலையைத் திருப்பிப் பார்க்காதவர் யார் என்ற நினைவு வந்து நாவை அடக்கியது.

பெட்டியை வீட்டுக்கு வெளியே, பிற செடிகளுக்கு அப்பால், விரித்த வெள்ளைத்தாளின் மேல் திறத்தல் வேண்டும். இலையைத் தாளின்மேல் தட்டினால் இலைப்பேனும் செஞ்சிலந்தியும் நகரும் புள்ளிகளாக விழும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கத் தக்கது. காண வேண்டிய இடங்கள் இலையின் அடிப்புறம், காம்பின் கக்கம், சுருண்ட இளந்தளிர், வேர்க்கழுத்து. செதிள் பூச்சியைத் தண்டின் புடைப்பு என்று பலர் விட்டுவிடுவர். நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவிடுவது பூச்சி. சுற்றிவந்த பாசியையும் தாளையும் எரித்துவிட வேண்டும், உரக்குழியில் இடலாகாது.

பின்னர் செடியைப் பிறவற்றினின்று விலக்கி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் குறைந்தது 30 நாட்கள் வைத்தல் வேண்டும். நாற்பது நாட்கள் மேலும் நன்று. இக்கணக்கிற்குக் காரணம் உண்டு. மாவுப்பூச்சியின் முட்டை பொரிந்து அடுத்த தலைமுறை முட்டையிடுவதற்கு நமது தட்பவெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. முதல் நாள் கண்ணுக்குத் தப்பிய முட்டை இக்காலத்திற்குள் தன்னை வெளிக்காட்டியே தீரும். செடிக்கும் இந்த ஓய்வு தேவை. பெட்டியின் ஈரக்காற்றிலிருந்து வெளிவந்த இலை உடனே வறண்ட காற்றைத் தாங்காது. முதல் வாரம் துளையிட்ட பிளாஸ்டிக் பையால் கவிழ்த்து மூடி, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திறந்துவிடலாம். பழைய இலைகள் ஓரிரண்டு பழுத்து விழுந்தால் கலங்க வேண்டாம். உரம் இடுவது புதிய இலை விரிந்த பின்னரே. ஒதுக்கிய செடிக்கு நீர் ஊற்றுவதும் தொடுவதும் எல்லாச் செடிகளையும் முடித்த பிறகு கடைசியாக அமைதல் வேண்டும். நம் கையே பூச்சிக்கு வாகனம்.

பூச்சி தென்பட்டால், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் ஒற்றியெடுத்து, மென்சோப்புக் கரைசலால் கழுவி, வாரம் ஒருமுறை மும்முறை திரும்பச் செய்க. ஒதுக்கல் காலத்தைக் கடைசிப் பூச்சி காணப்பட்ட நாளிலிருந்து மீண்டும் எண்ணுதல் வேண்டும். வேர் அழுகிச் செந்நிறம் கண்ட செடியையும், தேமல் கண்ட செடியையும் மருத்துவம் பார்க்க முயலாமல் எரிப்பதே முறை. கடினமான சொல்தான், விலைகொடுத்து வாங்கியவருக்கு மேலும் கடினம்.

சட்டம் கூறுவது

அயல்நாட்டிலிருந்து செடியைத் தருவிக்க இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றும் வேண்டும் என்பது 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை. செடியுடன் மண் வருவதையும் அது தடுக்கிறது. நண்பர் உறையிலிட்டு அனுப்பும் ஒரு துண்டும் இதற்கு விலக்கன்று. உள்நாட்டில், 1914-ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ்ச் சில பயிர்களையும் நாற்றுகளையும் நோயுள்ள மாநிலங்களிலிருந்து வெளியே அனுப்புவது தடுக்கப்பட்டுள்ளது.

காட்டுச் செடிகளின் நிலை வேறு. நீல வாண்டா, செவ்வாண்டா, காசி மலைகளின் குடுவைச் செடி முதலியன 1991-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. அட்டவணைகளை மாற்றியமைத்த 2022-ஆம் ஆண்டின் திருத்தத்திலும் தாவரங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே சர்வதேச வாணிப ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. மரப்பட்டை ஒட்டிய முறிந்த வேர்களும், கீறலும் பூச்சி கடித்த தழும்பும் உடைய பழைய இலைகளுமாக ஓர் ஆர்க்கிட் மலிவு விலையில் வந்தால், அது காட்டிலிருந்து பறிக்கப்பட்டதாக இருக்கக்கூடும். நாற்றங்காலில் வளர்ந்தவை பெரும்பாலும் ஒரே அளவில், ஒழுங்கான வேர்களுடன் இருக்கும்.

பள்ளித் தோட்டத்திலும் வட்டார அலுவலகத்திலும் வரவுப் பதிவேடு ஒன்றை வைத்துக்கொள்வது நலம். செடியின் பெயர், அனுப்பியவர் ஊர், பெற்ற நாள், மண் இருந்ததா இல்லையா, முதல் நாள் கண்டது, ஒவ்வொரு வாரமும் கண்டது, ஒதுக்கலினின்று விடுவித்த நாள், அதிலிருந்து போத்து எவருக்குத் தரப்பட்டது என்ற எட்டுப் பத்திகள் போதும். கடைசிப் பத்தியைப் பெரும்பாலோர் நிரப்புவதில்லை. பூச்சி கிளம்பிய பின் முதலில் தேடப்படுவது அதுவே.